“கண்ணு எங்க இருக்கு?”

நாற்பத்தொரு வயதில்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். முன்னும் பின்னும் சிவப்பில் ‘எல்’ எழுதி ஒட்டிய ஒரு பழைய கார், காலை ஆறேகாலுக்குத் திருச்சி தில்லைநகரில் எங்கள் கிராஸ் முனைக்கு வந்து நிற்கும். சொல்லிக்கொடுப்பவர் இடப்பக்க இருக்கையில் அமர்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். ஆனால் அவருக்குத் தெரிந்த கற்பிக்கும் முறை குரல் ஒன்றுதான். வண்டி நேராகப் போகும்வரை ‘மேடம்’ என்பார். ஸ்டியரிங் கொஞ்சம் விலகினால் அது ‘ஏம்மா’ ஆகிவிடும். அதற்கும் மேல் விலகினால் வெறும் ‘ஏய்’தான்.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, கிராஸ் தெருவிலிருந்து பிரதான சாலைக்கு இடப்புறமாகத் திரும்ப வேண்டிய இடத்தில் அது நடந்தது. கிளட்சைப் பாதி விட்டு வண்டியை ஊர்ந்து போக விட்டிருந்தேன். திடீரென்று “ஏய்! பாரு! பாரு!” என்று ஒரு கத்தல். நான் பார்த்தேன். மிகத் தெளிவாகவே பார்த்தேன். அவர் சட்டைப் பையில் செருகியிருந்த நீலப் பேனா, மேல் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் குத்தியிருந்த ஊக்கு, புடைத்துக்கொண்டு நின்ற கழுத்து நரம்பு, எல்லாம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. நான் பார்க்காமல் விட்டது வலப்புறமிருந்து வந்த பால்காரரின் மொபெட்டை மட்டும்தான். இவர் பிரேக்கை மிதித்து வண்டி குலுங்கி நின்றபோது, பால் கேன் எங்கள் முகப்பு விளக்கில் உரசி, மூடி கழன்று, ஒரு இரண்டு லிட்டர் சாலையில் வழிந்தது. யாருக்கும் அடிபடவில்லை. பாலுக்குக் காசு கொடுத்து அனுப்பிவிட்டு, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு அவர் கேட்டார்: “ஏம்மா, கண்ணு எங்க இருக்கு?”

கண் இருந்த இடம் எனக்குத் தெரியும். அவர் மேல்தான் இருந்தது. அதைச் சொன்னால் எதிர்த்துப் பேசுவதாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்குக் கவனம் போதாது, இந்த வயதில் இதெல்லாம் வராது என்றுதான் வீட்டுக்கு வந்தும் நினைத்துக்கொண்டேன். பல ஆண்டுகள் கழித்து, வேறு எதையோ தேடப் போய், சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் இருக்கும் உளவியலாளர்கள் செய்த ஒரு சோதனையைப் பற்றி வாசித்தபோது அந்தப் பால் கேன் மறுபடி நினைவுக்கு வந்தது.

டோபியாஸ் பிராஷ், டிடியே கிராண்ஜான், டேவிட் சாண்டர், கிளாவுஸ் ஷெரர் ஆகிய நால்வரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு அது. சோதனைக்கு வந்தவர்களின் காதில் ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள் ஒலித்தன. ஒன்று இடப்புறமிருந்து வருவதுபோல, மற்றது வலப்புறமிருந்து வருவதுபோல. இரண்டில் ஒன்று கோபக் குரல், மற்றது எந்த உணர்ச்சியும் ஏறாத சாதாரணக் குரல். குரல்கள் ஒலித்ததைத் தொடர்ந்து கண்ணெதிரே இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு சிறு குறி தோன்றும். அதற்குத்தான் அவர்கள் விரைந்து பதில் தர வேண்டும். வேலை முழுவதும் கண்ணுக்கே; காதுக்கு எந்த வேலையும் தரப்படவில்லை. ஆனாலும் கோபக் குரல் வந்த பக்கத்திலேயே குறி தோன்றியபோது பதில் விரைவாக வந்தது. எதிர்ப்பக்கத்தில் தோன்றியபோது தாமதமானது. இந்த வேறுபாடு மில்லி வினாடிக் கணக்கிலானது, நமக்கே தெரியாத அளவுதான். இருந்தாலும் அது ஒரே திசையில் சாய்ந்திருந்தது. கண் போய்ச் சேருவதற்கு முன்பே கவனம் அந்தக் குரலின் வாசலில் போய் நின்றுவிட்டது.

இந்தச் சோதனையின் அடிப்படை உத்தி புதிதல்ல. பதற்றத்தால் அவதிப்படுவோரின் கவனம் அச்சுறுத்தும் சொற்களின் பக்கம் சாய்கிறதா என்று அறிய, கொலின் மக்லியோடும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1986இல் ஒரு வழி கண்டார்கள்: திரையில் இரண்டு சொற்களைக் காட்டி மறைத்துவிட்டு, அவற்றில் ஒன்று இருந்த இடத்தில் ஒரு புள்ளியை வைத்து, அதைக் கண்டுகொள்ள எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பது. ஜெனீவாக்காரர்கள் செய்த மாற்றம், தூண்டிலைக் காதில் போட்டு மீனைக் கண்ணில் பிடித்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அவர்கள் பயன்படுத்திய பேச்சு. கோபமாக ஒரு வாக்கியத்தைச் சொன்னால், கேட்பவரை உலுக்கியது குரலா, சொல்லா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ‘முட்டாள்’ என்ற சொல்லை எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் கொஞ்சம் குத்தத்தான் செய்யும். அதனால் பொருளே இல்லாத பேச்சை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இவர்களில் மூத்தவரான ஷெரரும் ரைனர் பான்ஸும் 1996இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வுக்காக, 12 தொழில்முறை நடிகர்களைக் கொண்டு 14 வகை உணர்ச்சிகளைப் பதிவு செய்திருந்தார்கள். பல ஐரோப்பிய மொழிகளின் அசைகளைக் கலந்து செய்த, எந்த மொழியிலும் சேராத வாக்கியங்களைத்தான் அந்த நடிகர்கள் சீறியும் அழுதும் கொஞ்சியும் பேசினார்கள். அவற்றில் ஒன்று ஏறத்தாழ இப்படி ஒலிக்கும்: “ஃபீ காட் லைஷ் ஜாங்கில் கோஸ்டர்.” இதை நான் சமையலறையில் நின்று கோபமாகச் சொல்லிப் பார்த்தேன். கூடத்தில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்த என் கணவர் தாளை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்து, “இப்ப நான் என்ன பண்ணேன்?” என்றார். சொல் ஒன்றும் புரியவில்லை, ஆனால் தன்னைத்தான் திட்டுகிறாள் என்பது புரிந்துவிட்டது.

சத்தம் பெரிதாக இருந்ததால் திரும்பினார், அவ்வளவுதானே என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அதே குழுவினர் 2009இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில் இதற்கும் பதில் இருக்கிறது. கோபக் குரலின் சராசரிச் சுருதியையும், அதன் சத்தம் ஏறி இறங்கும் விதத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு, குரல் என்று சொல்ல முடியாத செயற்கை ஒலிகளை அவர்கள் செய்தார்கள். அவற்றை ஒலிபரப்பியபோது குறியைக் காண்பதில் அந்தச் சாய்வு ஏற்படவில்லை. அதே சுருதிதான், அதே ஏற்ற இறக்கம்தான். மனிதக் கோபம் மட்டும் இல்லை, விளைவும் இல்லை.

அதே ஆய்வில் தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின்னலைகளையும் பதிந்தார்கள். கண்ணுக்கு ஒரு காட்சி தெரிந்து சுமார் 100 மில்லி வினாடிகள் கடந்ததும் பின்மண்டையில் ஒரு சிறு அலை எழும். அதை பி1 என்பார்கள். பார்த்தது என்ன என்று நாம் உணர்வதற்கு முந்தைய கட்டம் அது. கோபக் குரல் வந்த பக்கத்தில் குறி தோன்றியபோது அந்த அலை மாறியது. அதன் பிறப்பிடத்தைக் கணக்கிட்டபோது, கண்ணிலிருந்து வரும் செய்தி பெருமூளையின் மேற்பரப்பில் முதன்முதலாக வந்து இறங்கும் பார்வைப் பகுதி அங்கே கூடுதலாக வேலை செய்தது தெரிந்தது. குரலின் கோபம், பார்த்த பிறகு எடுக்கும் முடிவை மட்டும் முடுக்கிவிடுவதாக இருந்திருந்தால் இத்தனை முன்னால் அதன் தடம் தெரிந்திருக்காது. பார்த்தலின் முதல் படியிலேயே அது கை வைக்கிறது. அந்த நீலப் பேனாவும் ஊக்கும் எனக்கு ஏன் அவ்வளவு துலக்கமாகத் தெரிந்தன என்ற கேள்விக்கு, என் அனுபவத்தை ஆய்வுக்கூடத்தோடு நேராகப் பொருத்திவிட முடியாது என்ற தயக்கத்தோடே, இதை ஒரு விடையாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்கக் கூடாது என்று தீர்மானித்தாலும் பயனில்லை என்பதை 2005ஆம் ஆண்டின் இன்னொரு ஜெனீவா ஆய்வு காட்டியது. கிராண்ஜானும் பாட்ரிக் வுயிமியேயும் மற்றவர்களும் ஆட்களை மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்க வைத்து, ஒவ்வொரு காதிலும் ஒவ்வொரு குரலை ஒலிக்கச் செய்து, ஒரு காதை மட்டும் கவனித்து, பேசுவது ஆணா பெண்ணா என்று சொல்லச் சொன்னார்கள். கவனிக்க வேண்டாத காதில் கோபக் குரல் ஒலித்தபோதும், பொட்டுப் பகுதிக்கு உள்ளே குரல்களுக்கென்று இயங்கும் பகுதி கூடுதலாகக் கிளர்ந்தது. ‘காதில் போட்டுக்கொள்ளாதே’ என்று நாம் ஒருவருக்கொருவர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். காதில் போட்டுக்கொள்வதும் கொள்ளாததும் நம் கையில் இருப்பதாக நினைத்துத்தானே அப்படிச் சொல்கிறோம்.

கண்ணைக் காது இப்படி இழுத்துக்கொண்டு போவதற்குக் காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. கையை நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தி, அதன் நகத்தைப் பாருங்கள். ஒரு கணத்தில் நம் கண் உண்மையிலேயே கூர்மையாகப் பார்க்கும் பரப்பு ஏறத்தாழ அவ்வளவுதான். அதைச் சுற்றியுள்ள மற்றதெல்லாம் மங்கல். முதுகுக்குப் பின்னால் மங்கல்கூட இல்லை. காதுக்கு இமையும் கிடையாது, முதுகும் கிடையாது. அதனால் காது காவல் நிற்கிறது, கண் அது காட்டிய இடத்துக்குப் போகிறது. நடுமூளையில் பார்வைக்கும் ஒலிக்கும் பொதுவான ஒரு திசை வரைபடமே இருக்கிறது. ஒரே இடத்திலிருந்து வரும் வெளிச்சத்துக்கும் ஓசைக்கும் சேர்ந்து துடிக்கும் நரம்பணுக்கள் அங்கே உள்ளன. உணர்ச்சியே இல்லாத ஒரு சிறு ஓசைகூட, அது வந்த திசையில் அடுத்து மின்னும் மங்கலான ஒளியைக் கண்டுபிடிக்க உதவுகிறது என்பதை ஜான் மக்டொனால்டும் ஸ்டீவன் ஹில்யார்டும் அவர்கள் குழுவும் 2000இலேயே காட்டியிருந்தார்கள். கோபம் இந்தப் பழைய பாதையில்தான் பயணிக்கிறது, சற்று வேகமாக.

கத்தலுக்கு மட்டும் தனித் தடம் இருக்கிறது என்று தோன்றுகிறது. லுக் அர்னாலும் டேவிட் போப்பலும் மற்றவர்களும் 2015இல் அலறல்களை அலசி, அவற்றின் சத்தம் வினாடிக்கு 30 முதல் 150 முறை வரை படபடவென்று ஏறி இறங்குவதைக் கண்டார்கள். காதுக்கு அது ஒரு கரகரப்பாகக் கேட்கும். சாதாரணப் பேச்சின் ஏற்ற இறக்கம் வினாடிக்கு நான்கைந்து முறைதான். அந்தக் கரகரப்பு நிகழும் வீச்சைப் பேச்சு பெரும்பாலும் தொடுவதே இல்லை. அபாய மணிகளும் எச்சரிக்கைச் சங்குகளும் அதே வீச்சில்தான் ஒலிக்கின்றன. கரகரப்பு கூடக் கூடக் கேட்பவருக்கு அச்சமும் கூடியது. அமிக்டலா என்ற, அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியும் கூடுதலாகக் கிளர்ந்தது. எங்கள் ஆசிரியரின் ‘ஏய்’ அந்த ரகம். ‘ஏம்மா’வில் குரல் வழுவழுப்பாகவே இருக்கும், ‘ஏய்’யில் தொண்டை கிழியும்.

இதுவரை சொன்னதெல்லாம் கண் எங்கே போகிறது என்பதைப் பற்றி. போன இடத்தில் என்ன தெரிகிறது என்பதையும் குரல் மாற்றிவிடுகிறது என்பதை எனக்குக் காட்டியது லால்குடியில் இருக்கும் என் அம்மாவின் முகம். ஒருநாள் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தபோது சிக்னல் போய்ப் படம் உறைந்துவிட்டது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அம்மா அப்போது தம்பியைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாரமாகக் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் ‘அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிடுகிறான் என்று. உறைந்து நின்ற முகத்தில் உதடுகள் இறுகியிருந்தன, புருவங்களுக்கு நடுவே ஒரு கோடு விழுந்திருந்தது, கண்ணோரம் கலங்கியிருந்தது. பிறகு பேச்சு பக்கத்து வீட்டுப் பூனை பரணில் குட்டி போட்ட கதைக்குத் தாவியது. அம்மா சிரிக்கத் தொடங்கினார். படம் அதேதான், ஒரு புள்ளிகூட அசையவில்லை. ஆனால் இப்போது அந்த உதடுகள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தன; கண்ணோரத்தில் இருந்தது குறும்பு. என்ன நடக்கிறது என்று எனக்கே ஒரு திகைப்பு ஏற்பட்டு, படத்தை அப்படியே போனில் பிடித்து வைத்துக்கொண்டேன். மறுநாள் ஓசையின்றி எடுத்துப் பார்த்தபோது அதில் வருத்தமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பாதி இமைத்த கண்களோடு, ஏதோ சொல்லத் தொடங்கிய ஒரு வயதான பெண்மணி.

நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாட்ரிஸ் டி கெல்டரும் ழான் வ்ரூமெனும் 2000இல் வெளியிட்ட சோதனை ஏறக்குறைய இதுதான். மகிழ்ச்சியான முகத்திலிருந்து துயரமான முகம் வரை சிறிது சிறிதாக மாறிச் செல்லும் படங்களின் வரிசையைச் செய்து, ஒவ்வொரு படத்தையும் மகிழ்ச்சியான அல்லது துயரமான குரலோடு சேர்த்துக் காட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் முகங்களைக் குரல் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. குரலைப் பொருட்படுத்தாதீர்கள், முகத்தை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்று சொன்ன பிறகும் இழுப்பு நிற்கவில்லை. தலைகீழாகவும் செய்து பார்த்தார்கள். முகமும் குரலைப் பற்றிய தீர்ப்பை மாற்றியது. வழக்கு இருபக்கமும் நடக்கிறது. முகத்தில் ஐயம் மிகும்போது குரலின் கை ஓங்குகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். சற்று வெளிச்சம் குறைந்த திண்ணையில், அரைகுறையாகத் தெரியும் முகங்களோடு நடந்த சண்டைகளை எண்ணிப் பார்க்கிறேன். “அவ மொறச்சா, நான் பார்த்தேன்” என்று சத்தியம் செய்யும் சித்திகளும் அத்தைகளும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்ததில் பாதி, கேட்டதாக இருந்திருக்கலாம்.

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் சைமன் ரிகுலோவும் மார்க் பெல்லும் 2012இல் கண் அசைவுகளை அளந்து பார்த்தார்கள். ஒரே திரையில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் காட்டும் நான்கு முகங்கள். காதில் பொருளற்ற ஒரு வாக்கியம், ஏதாவதோர் உணர்ச்சியில். எந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. குரலின் உணர்ச்சியோடு பொருந்திய முகத்தில் கண்கள் கூடுதல் நேரம் தங்கின. மாலை நேரத்துத் தொலைக்காட்சி விவாதங்களைப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆறு பெட்டிகளில் ஆறு முகங்கள் தெரியும். எல்லாக் குரல்களும் ஒரே ஒலிபெருக்கியிலிருந்துதான் வரும். ஆனாலும் யார் சீறுகிறாரோ அவருடைய பெட்டியைக் கண் தானாகத் தேடிப் பிடித்துக்கொள்ளும். சரியான தகவலை அமைதியாகச் சொல்லிக்கொண்டிருக்கும் மனிதரின் பெட்டி, பாவம், அங்கேயேதான் இருக்கும்.

எல்லா ஊரிலும் குரலுக்கு ஒரே எடை இல்லை. அகிஹிரோ தனாகாவும் டி கெல்டரும் மற்றவர்களும் 2010இல் வெளியிட்ட ஒப்பீட்டில், முகமும் குரலும் முரண்பட்டபோது ஜப்பானியர்கள் டச்சுக்காரர்களைவிடக் கூடுதலாகக் குரலின் பக்கம் சாய்ந்தார்கள். கெய்கோ இஷீயும் ஷினோபு கிதயாமாவும் ஹோசே அல்பர்ட்டோ ரெயெஸும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது: அமெரிக்கர்களுக்குச் சொல்லின் பொருளைப் புறக்கணிப்பது கடினமாக இருந்தது, ஜப்பானியர்களுக்குத் தொனியைப் புறக்கணிப்பது கடினமாக இருந்தது, தகாலோக்கும் ஆங்கிலமும் பேசும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கோ, எந்த மொழியில் கேட்டாலும் தொனியே முந்தி நின்றது. ‘சாப்பிட்டாச்சா’ என்ற ஒரே கேள்வியை அக்கறையாகவும், குத்தலாகவும், ‘இப்போது கிளம்பு’ என்ற பொருளிலும் கேட்கத் தெரிந்த ஒரு குடும்பத்தில் வளர்ந்தவள் என்ற முறையில், நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, சாலைக்குத் திரும்புகிறேன். அந்தக் காலையில் என்ன பிழை நடந்தது என்று இதையெல்லாம் வாசித்த பிறகு யோசித்தேன். சீறும் குரலின் பக்கம் கண்ணைத் திருப்புவது ஒரு பழுது அல்ல. உறுமும் நாயும் கடிக்க வரும் நாயும் ஒன்றே. உறுமல் வந்த திசையைப் பார்த்தவர் தப்பித்தார். மனிதக் கோபமும் பெரும்பாலும் அப்படித்தான். ஆபத்து எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் குரலும் வரும். காருக்குள் இந்த இரண்டும் பிரிந்துவிடுகின்றன. குரல் இடப்பக்க இருக்கையில் இருக்கிறது, ஆபத்து வலப்புறச் சாலையில் வருகிறது. ‘பாரு’ என்ற சொல்லில் எங்கே பார்ப்பது என்ற செய்தி இல்லை. இல்லாத அந்தச் செய்தியைக் குரல் வந்த திசையே நிரப்பிவிட்டது, தவறாக நிரப்பிவிட்டது. அவருக்கு மொபெட் தெரிந்திருந்தது. அதனால் ‘பாரு’ என்பதன் பொருள் அவருக்கு முழுமையாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே புதிய பொருள் அவர்தான்.

பயிற்சி பெற்ற ஓட்டுநர் என்றால் தப்பியிருப்பார். அவருடைய கண்ணுக்கு ஏற்கெனவே போய்ப் பழகிய பாதை ஒன்று இருக்கும்: வலம், இடம், மறுபடி வலம், நடுவில் கண்ணாடி. கற்றுக்கொள்பவருக்கு அந்தப் பாதை இன்னும் தடம் விழாத காட்டுவழி. ஒரு சத்தம் கேட்டால் வழி மறந்துவிடும். ஆக, யாரிடம் கத்தினால் கேடு அதிகமோ அவர்களிடம்தான் நாம் அதிகமாகக் கத்துகிறோம். பள்ளியிலும் இதைப் பார்த்திருக்கிறேன். கரும்பலகையில் கணக்குப் போடத் தெரியாமல் நிற்கும் பிள்ளையிடம், வகுப்பின் பின்பக்கத்திலிருந்து “போர்டைப் பார்!” என்று ஓர் அதட்டல் வரும், பிள்ளை திரும்பி ஆசிரியரைப் பார்க்கும், “என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு?” என்று அடுத்த அதட்டல் வரும். அந்தக் கேள்விக்கு விடை, அந்தக் கணத்தில் அந்தப் பிள்ளையின் மூளைக்கு, எல்லாமே அங்கேதான் எழுதியிருக்கிறது என்பதே.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். கத்தியதால் உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். கிணற்றடியில் குழந்தை போனால் யாரும் மெல்லிய குரலில் அழைக்க மாட்டார்கள், அழைக்கவும் கூடாது. நின்றுவிடு என்பதே செய்தியானால் கத்தல் அதை நன்றாகச் சேர்க்கும், ஏனென்றால் உடல் உறைவதும் தலை திரும்புவதும்தான் அங்கே தேவை. அங்கே பார் என்பது செய்தியானால்தான் சிக்கல். ஆய்வுக்கூடத்தில் மில்லி வினாடிகளில் அளந்த சாய்வு சாலையில் எத்தனை அடி தூரமாக மாறும் என்று யாரும் அதிலிருந்து கணக்குப் போட்டுவிட முடியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் ஊர்ந்துகொண்டிருந்தேன், அவர் பிரேக்கை மிதித்தார், இரண்டு லிட்டர் பால் போயிற்று. அவ்வளவுதான் என் தரவு.

குரலால் கண்ணைச் சரியான இடத்துக்கு அனுப்பவும் முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த அழகான சான்று ஒரு வயதுக் குழந்தைகளிடமிருந்து வருகிறது. எலினர் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960இல் பிரபலமாக்கிய ஒரு மேசை உண்டு: ஒரு பாதி சாதாரணப் பலகை, மறுபாதி கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் பள்ளம் தெரியும். விழ மாட்டோம் என்பது தவழும் குழந்தைக்குத் தெரியாது. 2004இல் அம்ரிஷா வைஷும் ட்ரிசியா ஸ்ட்ரியானோவும் அந்த மாதிரி மேசையின் மறுபுறத்தில் தாய்மார்களை நிறுத்தி, சில குழந்தைகளுக்குத் தாயின் ஊக்கமூட்டும் முகத்தை மட்டும், சிலருக்குக் குரலை மட்டும், சிலருக்கு இரண்டையும் கொடுத்தார்கள். முகம் மட்டும் கிடைத்த குழந்தைகளைவிட, குரல் மட்டும் கிடைத்தவர்கள் விரைவாகக் கடந்து வந்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கண்ணை வழியிலிருந்து எடுக்க வேண்டும். குரலுக்கு அது தேவையில்லை, கண்ணை வழியிலேயே வைத்துக்கொண்டு வரலாம் என்பது என் ஊகம்.

சென்ற ஆண்டு என் அக்கா மகன் ஓட்டக் கற்றுக்கொண்டபோது, முறையான வகுப்பு முடிந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில் பழக்கிவிடும் வேலை எனக்கு வந்தது. இடப்பக்க இருக்கை, ஆனால் என் காலடியில் பிரேக் இல்லை. முதல் ஞாயிறே ஒரு நாய் குறுக்கே வந்தது. இத்தனையும் வாசித்திருந்த நான், “டேய்! பாருடா!” என்று அலறினேன். அவன் கடமை தவறாமல் என்னைப் பார்த்தான். கிளட்சிலிருந்து கால் எடுபட்டு வண்டி அடைத்துக்கொண்டு நின்றது. நாய் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிதானமாகக் கடந்து போயிற்று.

“சித்தி,” என்றான், “எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

அடுத்த ஞாயிறு அதே கிராஸ் முனைக்கு வந்தோம். நான் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, வயிற்றில் புளியைக் கரைப்பதை வெளியே காட்டாமல், ரேடியோவில் அலைவரிசை சொல்வதுபோல, “வலது” என்றேன். அவன் வலப்பக்கம் பார்த்தான். அங்கே வண்டி எதுவும் வரவில்லை. டீக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே நுழைந்துகொண்டிருந்தார். “இடது” என்றேன். இடப்பக்கம் பார்த்தான், என்னைத் தாண்டி, கண்ணாடிக்கு வெளியே.